மலைப்பாதையின் உரிமை: மவுண்டன் பைக் தோழர்களின் வரலாறு



அகன்ற டயர்களும் பல கியர்களும் கொண்ட மலை மிதிவண்டிகள் இன்று நம் ஊர்த் தெருக்கள் வரை வந்துவிட்டன. மத்ரசாவுக்கு வரும் பிள்ளைகளில் பலர் இத்தகைய வண்டிகளில்தான் வருகின்றனர். விடுமுறை நாள்களில் ஃபஜ்ருத் தொழுகையை முடித்துவிட்டு, நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து அருகிலுள்ள குன்றுகளை நோக்கிப் புறப்படும் வழக்கமும் இளைஞர்களிடையே பரவி வருகிறது. வளைகுடாவில் பணிபுரியும் நம் சகோதரர்கள் துபாயின் ஹத்தா மலைத்தடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். சிலர் அங்கே வண்டி ஓட்டியும் இருப்பார்கள்.

இது குறித்து நம் பெரியவர்களிடையே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. விலையுயர்ந்த வண்டி வாங்கி மேட்டில் ஏறி இறங்குவது வீண் ஆடம்பரம் என்பர் ஒரு சாரார். உடலுக்கு நலம் தரும் நல்ல பழக்கம் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளையும் எடைபோடுவதற்கு முன், இப்பழக்கம் எங்கே தோன்றியது, அதைத் தோற்றுவித்தவர்கள் எதை நாடினார்கள், எந்த இடத்தில் அவர்களுக்கும் பிறருக்கும் பூசல் மூண்டது, அப்பூசல் எவ்வாறு தணிந்தது என்பவற்றை அறிந்துகொள்வது நலம். வரலாற்றைப் படித்துவிட்டுப் பேசினால் நம் பேச்சிலும் ஒரு நிதானம் இருக்கும்.

மொண்டானாவின் கறுப்பினப் படைவீரர்கள்

மேடு பள்ளங்களில் குழுவாக மிதிவண்டி ஓட்டிய வரலாற்றை நாம் 1896ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் மிசூலா கோட்டை என்றோர் இராணுவ முகாம் இருந்தது. அங்கே 25ஆம் காலாட்படைப் பிரிவு நிலைகொண்டிருந்தது. அப்பிரிவின் வீரர்கள் கறுப்பின மக்கள், அதிகாரிகளோ வெள்ளையர்கள். நிறத்தால் மக்களைப் பிரித்து வைத்திருந்த காலம் அது.

ஜேம்ஸ் மோஸ் என்ற இளம் அதிகாரிக்கு ஒரு கேள்வி எழுந்தது. குதிரைக்குத் தீனியும் தண்ணீரும் வேண்டும். நோயுற்றால் மருத்துவமும் வேண்டும். மிதிவண்டிக்கு இவை எதுவும் தேவையில்லை. ஆகவே, படைவீரர்கள் மலைநாட்டில் மிதிவண்டியில் செல்ல முடியுமா? இதைச் சோதிக்க, 1896இல் அவர் எட்டு வீரர்களுடன் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குச் சென்று திரும்பினார். மறு ஆண்டு இதைவிடப் பெரிய சோதனை நடந்தது. 1897 ஜூன் 14 அன்று 20 வீரர்கள், மோஸ், ஒரு மருத்துவர், ஒரு செய்தியாளர் ஆகியோர் மிசூலாவிலிருந்து செயிண்ட் லூயிஸ் நகரம் நோக்கிப் புறப்பட்டனர். தொலைவு சுமார் 1,900 மைல். அதாவது ஏறத்தாழ 3,060 கிலோமீட்டர். 41 நாள்களில் அவர்கள் அதைக் கடந்து முடித்தனர்.

அன்றைய வண்டிகளில் கியர் கிடையாது. கூடாரத்துணி, போர்வை, உணவு, துப்பாக்கி ஆகிய அனைத்தையும் அவர்கள் வண்டியில் கட்டிக்கொண்டு சென்றனர். மழை பெய்து மண்சாலை சேறாகும்போதெல்லாம் இரயில் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளின்மீது வண்டியை உருட்டிச் சென்றனர். நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில் உவர்நீரைப் பருகியதால் பலர் நோயுற்றனர். மோஸும் அவர்களில் ஒருவர். அத்தனைக்கும் பிறகு குழு கலையாமல் செயிண்ட் லூயிஸை அடைந்தது. மறு ஆண்டு கியூபாவில் போர் மூண்டது. படைப்பிரிவு அங்கே அனுப்பப்பட்டது. மிதிவண்டிச் சோதனை அத்துடன் நின்றுபோயிற்று.

இவ்வீரர்களைத் தம் முன்னோடிகளாக மலை மிதிவண்டி ஓட்டுநர்கள் பலர் இன்று நினைவுகூர்கின்றனர். சமூகம் தாழ்த்தி வைத்திருந்த மனிதர்கள் கட்டுப்பாட்டாலும் ஒற்றுமையாலும் எதைச் சாதிக்க முடியும் என்பதற்கு அப்பயணம் ஒரு சான்று.

இங்கிலாந்தின் கரடுமுரடுப் பாதைத் தோழர்கள்

படை நோக்கம் எதுவுமின்றி, தோழமைக்காக மட்டுமே மலைப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டியவர்களைக் காண நாம் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். 1955ஆம் ஆண்டு மே மாதம், ஹெரஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் லெம்ஸ்டர் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 40 மிதிவண்டிக்காரர்கள் ஒரு விடுதியில் கூடி ஒரு சங்கத்தை அமைத்தனர். ‘ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்’ என்று அதற்குப் பெயரிட்டனர். ‘கரடுமுரடுப் பாதைத் தோழமை’ என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். சாலையில்லாத இடங்களில் மிதிவண்டி ஓட்டுவதற்கென்றே அமைந்த சங்கங்களில் உலகிலேயே மூத்தது இதுவே. இன்றளவும் இயங்கி வருகிறது.

இத்தோழர்களிடம் மலைக்கென்று தனி வண்டி எதுவும் இருந்ததில்லை. வேலைக்குச் செல்லவும் ஊர் சுற்றவும் வைத்திருந்த சாதாரண வண்டிகளிலேயே வேல்ஸ் நாட்டு மலைகளிலும் ஸ்காட்லாந்தின் கணவாய்களிலும் சென்றனர். வண்டி ஓடும் இடத்தில் ஓட்டினர். ஓடாத இடத்தில் உருட்டினர். உருளாத இடத்தில் தோளில் சுமந்தனர். 1958இல் இச்சங்கத்தினர் சிலர் ஐஸ்லாந்துத் தீவின் உள்நாட்டுப் பாலையைக் குறுக்காகக் கடந்தனர். அவர்கள் எடுத்த ஒளிப்படங்கள் 2019இல் நூலாக வெளிவந்தபோது, உலகெங்கும் உள்ள இளைய தலைமுறையினர் வியந்து பார்த்தனர்.

இதே காலத்தில், 1951 முதல் 1956 வரை, பாரிஸ் நகரின் புறத்தே ஓர் இளைஞர் குழுவும் தம் வண்டிகளை மாற்றியமைத்துக் காட்டுத் தடங்களில் ஓட்டி மகிழ்ந்தது. அக்குழு சில ஆண்டுகளில் கலைந்துபோயிற்று.

விலையுயர்ந்த வண்டி இல்லாமல் இது இயலாது என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இந்த இங்கிலாந்துத் தோழர்களின் கதையை நாம் சொல்லலாம். தோழமை முதலில் வந்தது; அதற்கேற்ற வண்டி இருபது ஆண்டுகள் கழித்தே வந்தது.

தமால்பையஸ் மலையின் நண்பர்கள்

அந்த வண்டி பிறந்த இடம் கலிஃபோர்னியா. சான் ஃபிரான்சிஸ்கோ நகரிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் மரின் மாவட்டம் வரும். அங்கே ஏறத்தாழ 780 மீட்டர் உயரத்தில் தமால்பையஸ் மலை நிற்கிறது. காட்டுத்தீயை அணைக்கும் வாகனங்கள் செல்வதற்காக வெட்டப்பட்ட மண்சாலைகள் அம்மலையைச் சுற்றிலும் உண்டு.

1970களின் தொடக்கத்தில் அங்கிருந்த இளைஞர்கள் பழைய இரும்புக் கடைகளிலும் கொட்டகைகளிலும் கிடந்த 1930, 1940களின் மிதிவண்டிகளைச் சில டாலர்களுக்கு வாங்கினர். ஷ்வின் நிறுவனத்தின் ‘எக்ஸெல்சியர்’ என்ற வண்டி அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. பருத்த டயர், கனத்த இரும்புச் சட்டகம், ஒரே கியர், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் ஒரே பிரேக். இவற்றை அவர்கள் ‘க்ளங்கர்’ என்று அழைத்தனர். நம் ஊர் வழக்கில் ‘ஓட்டை வண்டி’ என்பதற்கு இணையான சொல் அது.

இந்த நண்பர்களுள் மூவரை நாம் அறிந்துகொள்ள வேண்டும். கேரி ஃபிஷர் சிறுவயதிலிருந்தே சாலைப் பந்தயங்களில் ஓட்டியவர். 1968இல், தலைமுடி நீளமாக இருக்கிறது என்று பந்தயத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர். சார்லி கெல்லி ஓர் இசைக்குழுவின் கருவிகளைச் சுமந்து மேடையமைக்கும் பணியாளர். ஜோ ப்ரீஸ் மிதிவண்டிச் சட்டகம் கட்டும் தொழிலைக் கற்றவர். மூவரும் வார நாள்களில் மெலிந்த டயர் கொண்ட பந்தய வண்டிகளில் பயிற்சி செய்வார்கள். ஓய்வு நாளில், வேறெந்த நோக்கமும் இன்றி, நண்பர்களோடு ஓட்டை வண்டிகளை மலைமேல் தள்ளிச் சென்று கீழே ஓட்டி வருவார்கள்.

நண்பர்கள் கூடினால் யார் வேகமானவர் என்ற வாக்குவாதம் எழுவது இயல்பு. அதைத் தீர்க்க, 1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகிலுள்ள ஒரு தீத்தடுப்புச் சாலையில் ஒவ்வொருவராகக் கடிகாரம் வைத்து இறங்கிப் பார்த்தனர். அன்று வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் தொலைவுக்குள் 400 மீட்டர் உயரம் இறங்கும் பாதை அது. கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்தின் பிரேக் கொதித்து, அதன் உள்ளிருந்த கிரீஸ் முழுவதும் புகையாகிப் போய்விடும். அடுத்த இறக்கத்துக்கு முன் புதிய கிரீஸை நிரப்பியாக வேண்டும். ‘மீண்டும் நிரப்பு’ என்ற பொருளில் அப்பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. இடையிடையே விட்டுவிட்டு 1984 வரை அப்போட்டிகள் நடந்தன. கேரி ஃபிஷர் எடுத்துக்கொண்ட 4 நிமிடம் 22 நொடியே இறுதிவரை அங்கே சாதனையாக நின்றது. அக்குழுவில் பெண்கள் அரிது. வெண்டி க்ராக் என்ற பெண்மணி உடன் ஓட்டியதோடு ஒளிப்படங்களும் எடுத்தார். அந்நாள்களைப் பற்றி இன்று நாம் கண்ணால் காண்பதெல்லாம் பெரும்பாலும் அவர் எடுத்தவையே.

வண்டி எவ்வாறு மாறியது என்பதையும் காண்போம். 1974 டிசம்பர் 1 அன்று மில் வேலி என்ற ஊரில் நடந்த ஒரு போட்டிக்கு, குப்பர்ட்டினோ ஊரிலிருந்து ‘மாரோ டர்ட் கிளப்’ என்ற குழு வந்திருந்தது. அவர்களின் பருத்த டயர் வண்டிகளில் பல கியர்கள் இருந்தன. கட்டைவிரலால் மாற்றும் விசைகளும் இருந்தன. மரின் நண்பர்கள் அதைக் கண்டனர். அக்குழு அதன்பின் அந்த வட்டாரப் போட்டிகளில் தென்படவில்லை. ஆனால் கண்ட காட்சி மனத்தில் தங்கிவிட்டது. ஃபிஷர் தம் எக்ஸெல்சியரில் கியர்களைப் பொருத்தினார். அதுவரை மலைமேல் தள்ளிச் சென்ற வண்டியை இப்போது மிதித்தே ஏற்ற முடிந்தது.

பழைய சட்டகங்கள் மலையின் அடியைத் தாங்காமல் முறியத் தொடங்கின. கெல்லி கேட்டுக்கொண்டபடி, 1977இல் ஜோ ப்ரீஸ் உறுதியான குரோம்-மாலிப்டினம் உருக்குக் குழாய்களால், முழுவதும் புதிய உதிரிப்பாகங்களோடு ஒரு வண்டியைக் கட்டினார். ‘ப்ரீஸர்’ எனப்பட்ட அவ்வகையில் முதலில் பத்து வண்டிகள் உருவாயின. மலைக்கென்றே தொடக்கத்திலிருந்து புதிதாகக் கட்டப்பட்ட முதல் மிதிவண்டியாகப் பலரும் இதைக் கருதுகின்றனர்.

பேர்ல் கணவாயின் வரவேற்பு

மரின் நண்பர்கள் போட்டியிட்டுக்கொண்டிருந்த அதே 1976இல், கொலராடோ மாநிலத்தின் ராக்கி மலைத்தொடரிலும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் அமைந்த க்ரெஸ்டட் பியூட் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊருக்கு, மலைக்கு அப்பாலுள்ள ஆஸ்பென் நகரத்துச் செல்வந்தர்கள் சிலர் மோட்டார் சைக்கிள்களில் பேர்ல் கணவாயைக் கடந்து வந்து பெருமை பேசினர். அக்கணவாயின் உயரம் ஏறத்தாழ 3,870 மீட்டர். உள்ளூர் இளைஞர்கள் அதற்கு விடையளிக்க விரும்பினர். கடைத்தெருவுக்குச் சென்றுவர வைத்திருந்த தம் ஓட்டை வண்டிகளிலேயே அதே கணவாயைக் கடந்து ஆஸ்பென் சென்று சேர்ந்தனர். வழியில் ஓரிரவு மலையில் தங்கினர்.

இச்செய்தி கலிஃபோர்னியாவை எட்டியது. 1978இல் ஃபிஷர், கெல்லி, ப்ரீஸ், வெண்டி க்ராக் உள்ளிட்டோர் கொலராடோவுக்கு வந்தனர். ஒருவரையொருவர் அறியாமல் ஒரே ஆசையை வளர்த்திருந்த இரு கூட்டத்தார் அங்கே சந்தித்தனர். கலிஃபோர்னியர்களின் வண்டிகள் மேலானவை. கொலராடோ இளைஞர்களோ தம் மலையை நன்கறிந்தவர்கள். யாரும் யாரையும் முந்த வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. சேர்ந்து ஏறினர், சேர்ந்து தங்கினர், சேர்ந்து இறங்கினர். ஆண்டுதோறும் அப்பயணத்தை நடத்துவது அவ்வூரின் மரபாயிற்று.

நட்பு வணிகமானபோது

1979இல் ஃபிஷரும் கெல்லியும் சேர்ந்து, டாம் ரிச்சி என்பவர் கட்டித் தந்த சட்டகங்களைக் கொண்டு வண்டிகளை விற்கத் தொடங்கினர். நிறுவனத்துக்கு ‘மவுண்டன் பைக்ஸ்’ என்று பெயர் வைத்தனர். அப்பெயரை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய முயன்றனர், இயலவில்லை. அதனால் அச்சொல் உலகம் முழுவதற்கும் பொதுச்சொத்தாயிற்று. இன்று நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரும் தடையின்றி அச்சொல்லைப் பயன்படுத்துகிறார்.

1981இல் ‘ஸ்பெஷலைஸ்டு’ நிறுவனம் ஜப்பானில் செய்வித்த ‘ஸ்டம்ப்ஜம்பர்’ சந்தைக்கு வந்தது. பெருமளவில் உற்பத்தியான முதல் மலை மிதிவண்டி அது. பத்தாண்டுகளுக்குள் இவ்வகை வண்டிகள் உலகெங்கும் பரவின. 1990இல் கொலராடோவின் டுராங்கோ ஊரில் சர்வதேச மிதிவண்டிக் கூட்டமைப்பின் முதல் உலகப் போட்டி நடந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது.

ஆனால், பத்து நண்பர்கள் சென்ற பாதையில் ஆயிரம் பேர் செல்லத் தொடங்கியபோது, இவ்வரலாற்றின் கடினமான பகுதி தொடங்கியது.

பாதை யாருடையது?

மலைப்பாதைகளில் முன்பிருந்தே நடப்போரும் குதிரையில் செல்வோரும் இருந்தனர். அமைதியை நாடி வந்த முதியவர் ஒருவர் வளைவில் திரும்பும்போது, எதிரே வேகமாக ஒரு வண்டி பாய்ந்து வந்தால் அவருக்கு எப்படியிருக்கும்? குதிரை மிரண்டால் அதன்மேல் இருப்பவரின் நிலை என்ன? பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கினால் மண்ணில் ஒரு பள்ளம் விழுகிறது. அடுத்த மழையில் நீர் அப்பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு பாதையையே அரித்துச் செல்கிறது. முறையீடுகள் குவிந்தன.

அமெரிக்காவில் 1964இல் இயற்றப்பட்ட வனப்பாதுகாப்புச் சட்டம், மனிதக் கை படாத காடுகளில் இயந்திரப் போக்குவரத்துக்குத் தடை விதித்திருந்தது. மிதிவண்டி அதில் அடங்குமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 1984இல் அரசு வனத்துறை, மிதிவண்டியும் அத்தடையில் அடங்கும் என்று விதியைத் திருத்தியது. மவுண்டன் பைக் பிறந்த மரின் மாவட்டத்திலேயே, தமால்பையஸ் மலையின் ஒற்றையடிப் பாதைகள் மிதிவண்டிகளுக்கு மூடப்பட்டன. தீத்தடுப்புச் சாலைகள் மட்டும் எஞ்சின. அவற்றிலும் மணிக்கு 15 மைல் என்ற வேக வரம்பு விதிக்கப்பட்டது. பிறரைக் கடக்கும்போதும் பார்வை மறையும் வளைவுகளிலும் 5 மைல். வேகத்தை அளக்கும் கருவியோடு காவலர்கள் மலையில் நின்றனர். தாம் கண்டுபிடித்த இன்பத்தைத் தம் வீட்டு வாசலிலேயே அந்நண்பர்கள் இழந்துகொண்டிருந்தனர்.

இதற்கு மாறான ஒரு வழியை இங்கிலாந்து முன்னரே கண்டிருந்தது. அந்நாட்டின் 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, குதிரைப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் உரிமையை மக்களுக்கு வழங்கியது. உரிமையோடு ஒரு கடமையையும் அதே பிரிவு சேர்த்து வைத்தது: நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் மிதிவண்டிக்காரர் வழிவிட வேண்டும். மிதிவண்டிக்காக அப்பாதையைச் செப்பனிட்டுத் தரும் கடமை எவருக்கும் இல்லை என்றும் அச்சட்டம் சொன்னது. பின்னர் வந்தவர், முன்னரே இருந்தவருக்குப் பணிந்து செல்ல வேண்டும் என்பதே அதன் சாரம்.

பாதையின் உரிமை என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. பாதையில் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதையும், பிறருக்குத் துன்பம் தராதிருப்பதை அவ்வுரிமைகளுள் ஒன்றாக எண்ணியதையும், பாதையிலிருந்து இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று கற்பித்ததையும் நம் பிள்ளைகள் தொடக்க வகுப்பிலேயே படிக்கின்றனர். வகுப்பில் படிப்பதைத் தெருவிலும் குன்றிலும் கடைப்பிடிப்பதே கடினம்.

மண்வெட்டி ஏந்தியவர்கள்

கலிஃபோர்னியாவின் மிதிவண்டிக்காரர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. தடையை மீறி இரவில் திருட்டுத்தனமாக ஓட்டுவது ஒன்று. சிலர் அதைச் செய்யவும் செய்தனர். அது பகையை வளர்த்தது. மற்றொரு வழியை 1988இல் ஐந்து சங்கங்கள் தேர்ந்தெடுத்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதி, கிழக்கு வளைகுடாப் பகுதி, மரின், சாக்ரமென்டோ, சான் ஹோசே பகுதி ஆகிய இடங்களைச் சேர்ந்த அச்சங்கங்கள் ஒன்றிணைந்து ‘இம்பா’ எனப்படும் சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கத்தை உருவாக்கின.

அச்சங்கம் பரப்பிய பாதை ஒழுக்கங்கள் எளியவை. திறந்துள்ள பாதைகளில் மட்டும் ஓட்டுக. சுவடு விடாமல் செல்க. வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க. பிறருக்கு வழிவிடுக. விலங்குகளை அச்சுறுத்தாதிருக்க. முன்னேற்பாட்டோடு புறப்படுக. இவற்றைச் சொன்னதோடு நின்றிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர்கள் மண்வெட்டியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு விடுமுறை நாள்களில் பாதை செப்பனிடச் சென்றனர். 1997 முதல் இருவர் கொண்ட குழுக்கள் ஊர் ஊராகச் சென்று, பாதை அமைக்கும் கலையைத் தன்னார்வலர்களுக்குக் கற்றுத்தந்தன.

அக்கலை கற்கத்தக்கது. மலைப்பாதையின் முதற்பகை தண்ணீர். சரிவில் நேர்கீழாக வெட்டிய பாதை ஓடையாகிவிடும். ஆகவே, பாதையைச் சரிவின் குறுக்கே அமைக்க வேண்டும். பாதையின் ஏற்றம், அம்மலைச் சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக்கூடாது. பாதையின் தளம் வெளிப்புறம் சற்றே சாய்ந்திருந்தால் நீர் தேங்காமல் வழிந்துவிடும். இடையிடையே சிறு ஏற்றம் வைத்தால் நீரின் ஓட்டம் அங்கே முறிந்து பக்கவாட்டில் வெளியேறும். மழைநாளில் ஈரமண்ணில் ஓட்டாதிருப்பதும், சிறு குட்டையைச் சுற்றிச் சென்று பாதையை அகலமாக்காமல் அதன் ஊடே மெதுவாகச் செல்வதும் இதே அறிவின் பகுதிகள்.

இந்த உழைப்பு வீண்போகவில்லை. நெடுங்காலம் மிதிவண்டிகளை எதிர்த்து வந்த ‘சியரா கிளப்’ என்ற புகழ்பெற்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, 1994 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி நகரில் இம்பாவுடன் அமர்ந்து பேசி, பொறுப்போடு ஓட்டப்படும் மலை மிதிவண்டி முறையானதே என்று உடன்பட்டது. அதே பத்தாண்டில் வேல்ஸ் நாட்டின் கோயட்-இ-ப்ரெனின் காட்டில் மிதிவண்டிக்கென்றே தனித்தடங்கள் வெட்டப்பட்டன. ஸ்காட்லாந்து 2003இல் இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் நிலத்திலும் மலையிலும் நடந்தோ மிதிவண்டியிலோ செல்லலாம் என்ற பரந்த உரிமையை வழங்கியது. ‘பொறுப்போடு’ என்ற அச்சொல் அச்சட்டத்தின் உயிர்நாடி.

பூசல் எங்கும் முற்றாகத் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. தமால்பையஸ் மலையில் பாதை வழக்கு நெடுங்காலம் நீடித்தது. ஆயினும், சண்டையிட்டவர்களைவிடச் செப்பனிட்டவர்களுக்கே அதிகப் பாதைகள் திறந்தன என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

அடுத்த தலைமுறை

ஆசிரியர்களாகிய நம்மைக் கவரும் ஒரு செய்தியும் இதில் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் மாட் ஃப்ரிட்சிங்கர் தம் மாணவர்களைக் கொண்டு ஒரு மலை மிதிவண்டிக் குழுவை அமைத்தார். அதிலிருந்து வளர்ந்து, 2001இல் வட கலிஃபோர்னியப் பள்ளிகளுக்கிடையே ஒரு போட்டி அமைப்பு உருவானது. 2009இல் அது நாடு தழுவிய அமைப்பாகியது. பந்தாட்டங்களில் இடம் கிடைக்காமல் ஓரத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு. இவ்விளையாட்டில் ஓரத்தில் அமரும் இடமே கிடையாது. வந்த அனைவரும் ஓட்டுவர்.

நல்ல குழுக்களின் நடைமுறையும் கவனிக்கத்தக்கது. புறப்படும் முன் ஒருவரைத் தலைவராக ஏற்கின்றனர். மூவர் பயணம் சென்றாலும் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்ற நபிவழியை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. வழியறிந்தவர் முன்னே செல்வார். அனுபவமுள்ள மற்றொருவர் கடைசியில் வருவார்; அவருக்குப் பின்னே யாரும் விடுபட்டிருக்கக் கூடாது. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னே சென்றவர்கள் நின்று, கடைசி ஆள் வரும்வரை காத்திருப்பர். வந்தவர் மூச்சு வாங்கி முடிக்கும் முன் உடனே கிளம்பிவிடுவதில்லை. ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் அனைவரும் நிற்பர். தலைக்கவசம், காற்றடிக்கும் பம்ப், மாற்று டியூப், தண்ணீர் ஆகியவை இன்றி எவரும் புறப்படுவதில்லை.

ஹத்தா போன்ற இடங்களில் தடங்கள் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என நிறங்களால் குறிக்கப்பட்டுள்ளன. பச்சை எளியது, கறுப்பு மிகக் கடினம். குழுவில் மிக இளையவருக்கு எந்த நிறம் பொருந்துமோ அந்தத் தடத்தில் அனைவரும் செல்வதே தோழமை. வேகமானவர் தம் வேகத்தைக் காட்ட வேறொரு நாளைத் தேடிக்கொள்ளலாம்.

நாம் பெறும் படிப்பினை

தொடக்கத்தில் சொன்ன இரு கருத்துகளுக்கும் இப்போது விடை காண்போம். இது ஆடம்பரமா? வண்டியின் விலையைப் பேசிக்கொண்டு, பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காக ஓட்டினால் ஆடம்பரமே. ஓட்டை வண்டியில் தொடங்கிய வரலாறு இது என்பதை அறிந்தவர் விலையைப் பெருமையாகக் கருத மாட்டார். உடல்நலம் தருமா? தரும். ஆனால், உடல்நலம் தனியாக ஓட்டினாலும் கிடைக்கும். நண்பர்களோடு ஓட்டும்போது கிடைக்கும் பயிற்சி வேறு: காத்திருத்தல், வழிவிடுதல், விழுந்தவரைத் தூக்குதல், சொன்ன நேரத்துக்கு வருதல்.

ஆகவே, பெற்றோர்களுக்கும் ஜமாஅத் பெரியவர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். பிள்ளைகள் குன்றுக்குச் செல்வதைத் தடுப்பதைவிட, அவர்கள் எப்படிச் செல்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். குன்றின் அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவரிடம் நின்று ஸலாமோ வணக்கமோ சொன்னார்களா? விறகு சுமந்து வரும் மூதாட்டிக்கு வண்டியை விட்டிறங்கி வழி கொடுத்தார்களா? அனுமதியில்லாத காட்டுக்குள் நுழையாமல் இருந்தார்களா? தண்ணீர்ப் புட்டிகளைத் திரும்பக் கொண்டு வந்தார்களா? கடைசியாக வந்த தோழனுக்காகக் காத்திருந்தார்களா? லுஹர் தொழுகைக்கு முன் ஊர் திரும்பினார்களா?

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாளேனும் மிதிவண்டியோடு மண்வெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் ஓட்டும் பாதையில் மழைநீர் அரித்த இடம் ஊராட்சிப் பாதையாக இருந்தால் அங்குள்ளோரிடம் கேட்டும், வனத்துறையின் எல்லையாக இருந்தால் அவர்களின் அனுமதி பெற்றும் செப்பனிடுங்கள். அப்பாதையில் நாளை நடந்து செல்பவர் உங்களை அறியமாட்டார். ஆயினும் அவருடைய கால் இடறாது.

பாதைக்குரிய உரிமையைப் பேணுவோராகவும், தோழமையில் உண்மையானவர்களாகவும் அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.